ஏ-யில் நுழைவு

பெயிண்ட் வாளிகளைக் கவிழ்த்து எழுதிய எழுத்துகள்.
ஏ-க்கு அடுத்தது கே. பிறகு ஈ, எச், சி.
ஏன் இந்த வரிசை என்று
கோயம்புத்தூரிலிருந்து ரயிலேறி வரும் நடுவருக்கும் தெரியாது.
நான் அதை ஜெபமாக்கி மனப்பாடம் செய்தேன்:
ஏசுவே, கேளும், ஈரக்குலை எச்சரிக்குது,
சிறு எம்பலும் பிழைதான்...
எஃப்-க்கு மட்டும் சொல் அகப்படவில்லை.
அங்கேதான் எப்போதும் வழி தவறுகிறேன்.

எக்ஸ் தரையில் இல்லை.
மணலும் தென்னைநார்த் தூளும் கலந்த களத்தின் நட்டநடுவில்
இருப்பதாக எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரு புள்ளி.
அங்கே போய் நிற்க வேண்டும்,
நாலு காலும் மேசைக் கால்போல.
ஒரு கை இறக்கி வணக்கம்.
அவ்வளவுதான்.
கொழுந்து ஒரு பின்னங்காலை வெளியே விட்டுத்தான் நிற்பான்,
பஸ் படியில் தொங்குகிறவன் மாதிரி.

ஊட்டிப் பந்தயத்தில் ஏழு தடவை ஓடி
ஏழு தடவையும் கடைசிக்கு முந்தி வந்தவன் அவன்.
நான் ஆரல்வாய்மொழிக் காற்றாலை அலுவலகத்தில்
யூனிட் கணக்கு எழுதுகிறவள். நாற்பத்து மூன்று வயது.
கருப்புக் கோட்டு அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்தது,
வடசேரி டெய்லர் இடுப்பைப் பிடித்துக் கொடுத்தார்,
யாருக்கு என்று கேட்கவில்லை.
காற்று எனக்குச் சம்பளம் தருகிறது.
அதே காற்றின் இறக்கை
காலை ஏழரை மணிக்கு
ஈ எழுத்தின் மேல் நிழலை வீசும், எடுக்கும், வீசும்.

பிப்ரவரியில் ஐம்பத்திரண்டு சதவீதம்.
நிழல் விழுந்ததும் அவன் பக்கவாட்டில் மூன்று மீட்டர் போய்விட்டான்.
நான் பழைய இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தேன்,
பிறகு தரையில்.

ஏப்ரலில் ஐம்பத்தொன்பது.
கடிவாளத்தை நீள விட்ட நடைக்கு எட்டு மார்க்.
எட்டு!
அந்தத் தாள் இன்னும் பர்சில் இருக்கிறது,
ஆதார் அட்டைக்குப் பின்னால்.

ஆடிக் காற்றில் மூன்று முறை மணி அடித்தது.
மூன்றாவதற்குப் பிறகு வெளியே போகச் சொல்வார்கள்,
மரியாதையாகத்தான்.
இரணியல் பெண் அபிஷா, வயது பதினான்கு,
இரவல் குதிரையில் அறுபத்தெட்டு வாங்கினாள்.
கைதட்டினேன்.
கையுறையோடு தட்டினால் சத்தம் வராது, அது ஒரு வசதி.
பல் டாக்டர் ரசலையன் தன் ஐம்பத்தைந்துக்கு
நடுவரின் மூக்குக் கண்ணாடியைக் குறைசொல்லிக்கொண்டிருந்தார்.
அவர் பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

லாயத்தில் தாணு வாளியைக் கழுவிக்கொண்டே சொன்னான்:
'எக்கா, நீங்க நெழலப் பாத்து மூச்சப் புடிக்கியோ.
அவன் நெழலையா பாக்கான்? ஒங்க மூச்சத்தான் பாக்கான்.'
எனக்குக் கோபம் வந்தது.
இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.
மூன்றாம் நாள் ஈ-யைத் தாண்டும்போது
பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்தேன், சத்தமாக,
சத்தமாகச் சொல்கிறவள் மூச்சு விட்டுத்தானே ஆகவேண்டும்.
பதினாறாம் வாய்ப்பாடு. ஐப்பசி, கார்த்திகை,
மழையில் நார்த்தூள் ஊறி டீத்தூள்போலக் கிடந்த நாள்களிலும்.

டிசம்பர். ஏழு பேரில் ஆறாவது.
ஏப்ரலைவிட அரை சதவீதம் குறைவு.
எஃப்-இல் வழக்கம்போல மணி.
எக்ஸில் வழக்கம்போலப் பின்னங்கால்.
மதிப்பெண் தாளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு குறை:
உந்துதல் போதாது. வளைவு போதாது.
ஈ-க்கு நேரே ஆறு மார்க்,
குறிப்புக் கட்டம் காலி.

நிழல் வந்தது. என் தொடைமேல் ஏறி
அவன் கழுத்தில் இறங்கிப் போனது.
ஒரு காதை மட்டும் திருப்பினான்,
பதினாறைந்து எண்பது என்பதைச் சரிபார்க்கிறவன்போல.

எழுத ஒன்றுமில்லை என்று நடுவர் நினைத்திருக்கிறார்.
சரிதான்.

தாணு மட்டிப்பழம் கொண்டுவந்தான்.
கொழுந்து தோலோடு தின்றான்.
நான் மிச்சமிருந்த ஒன்றை உரித்தேன்,
எஃப்-க்கு ஒரு சொல் யோசித்தபடி.